எடை போட்ட கஞ்சாவின் வீரியத்தையும் அளந்து சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் போதைப்பொருள் வழக்குகளையும், அவற்றின் தடய ஆய்வையும், போதையால் பாதிக்கப்பட்டோரின் மருத்துவத்தையும் கவனிக்கும் துறைகளின் பொறுப்பாளர்களுக்கு,

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. கைப்பற்றப்பட்ட கஞ்சா மிட்டாயில் போதை தரும் வேதிப்பொருள் எத்தனை மில்லிகிராம் இருந்தது என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் அனுப்பிய மனுவுக்கான பதில் அது. கஞ்சா இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது, எவ்வளவு என்பது பார்க்கப்படுவதில்லை, பார்க்கப்படாத ஒன்றைத் தொகுத்துத் தர இயலாது என்பதே அதன் சாரம். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அதை மடித்து வைத்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் குடமுருட்டிக் கரையில் உள்ள ஓர் ஊர்க்காரன். டெல்டாவின் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் பகுப்பாய்வு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருளில் இன்னது இருக்கிறது என்று சொல்வது பாதி வேலை, எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால்தான் வேலை முடியும் என்று ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிவந்தவன். அந்தப் பாதி வேலையின் விலையை என் வீட்டிலேயே பார்க்க நேரும் என்று அப்போது நினைத்ததில்லை.

என் தங்கையின் பேரனுக்கு 19 வயது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். சென்ற ஆண்டு சம்பா அறுவடை நேரத்தில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பெட்டிக்கடையில் இந்தி எழுத்து அச்சிட்ட உறையில் இருந்த ஐந்து மிட்டாய்களை நண்பன் ஒருவன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒன்றைத் தின்று அரை மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதால், இது வெறும் வெல்லம் என்று சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டைத் தின்றிருக்கிறான். புகைத்தால் சில நிமிடங்களில் தலைக்கேறும் பொருள், தின்றால் குடலையும் கல்லீரலையும் கடந்து வர அரை மணி முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். கல்லீரலில் அது வேறொரு வடிவுக்கு மாறி மேலும் பலமாக மூளையைத் தாக்கும். இது மருத்துவர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி, அந்தப் பையனுக்குத் தெரியாத செய்தி. அன்று இரவு பத்து மணிக்கு அவன் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து, சுவருக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லி அழைப்பதாக அலறிக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் நாடித்துடிப்பு 140ஐத் தாண்டியிருந்தது.

பணியில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே, "எவ்வளவு உள்ள போயிருக்கு சார்?" என்பதுதான். மூன்று மிட்டாய் என்றேன். "மிட்டாய்க் கணக்கு தெரியுது, மருந்துக் கணக்குதான் தெரியணும்" என்றார். அவர் கேட்டது நியாயம். ஒரு மிட்டாயில் 5 மில்லிகிராம் என்றால் காலைக்குள் தெளிந்துவிடுவான் என்று எங்களிடம் சொல்லியிருப்பார். 50 மில்லிகிராம் என்றால் வேறுவிதமாக ஆயத்தமாகியிருப்பார். அதற்குள் செயற்கையாகத் தயாரித்த வேறு ஏதேனும் தெளிக்கப்பட்டிருந்தால் முற்றிலும் வேறு கவலை. ஒன்றும் தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சந்தேகமும் தூக்கமின்மையும் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பு நின்று, இன்றும் மாத்திரையில் இருக்கிறான். அந்த ஒரு இரவுதான் காரணமா, முன்பே அவனுக்குள் இருந்த ஏதோ ஒன்றை அந்த இரவு கிளறிவிட்டதா என்று மனநல மருத்துவரிடம் கேட்டபோது, அவரும் அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்: எவ்வளவு?

மீந்த இரண்டு மிட்டாய்களை மறுநாள் காலை நானே காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். வழக்குப் பதிந்து, மாதிரி எடுத்து, முத்திரையிட்டு அனுப்பினார்கள். முறைப்படி எல்லாம் நடந்தது. ஏழு மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் நகல் வாங்கிப் பார்த்தபோது, பொருளில் கஞ்சா உள்ளமை கண்டறியப்பட்டது என்ற ஒரே வரி இருந்தது. அந்த வரியை எழுதியவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் விடை எழுதியிருக்கிறார். கேள்வியைத்தான் தாங்கள் மாற்ற வேண்டும் என்கிறேன்.

நான் வாழும் மண்ணில் அளக்காமல் எதுவும் நகர்வதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி, எத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்பதைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே பலர் காலைத் தேநீரையே குடிக்கிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்குக்குள் ஊசி குத்தி நெல் எடுத்து, கருவியில் போட்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். தாண்டினால் அந்த விவசாயி சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டு மேலும் நான்கு நாள் கிடக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் அந்த வரம்பை 22 விழுக்காடு வரை தளர்த்தக் கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் போகிறது. ஒன்றியக் குழு வந்து நெல் மாதிரியைப் பையில் கட்டிக் கொண்டு போகிறது. அரசு மதுக்கடையில் விற்கும் புட்டியின் மேல் 42.8 விழுக்காடு என்று சாராயத்தின் வீரியம் அச்சாகியிருக்கிறது. சோற்றுக்குப் போகும் நெல்லில் எவ்வளவு தண்ணீர் என்று தசமப் புள்ளியில் பார்க்கும் அரசு, பிள்ளைகளின் மூளைக்குப் போகும் நஞ்சில் எவ்வளவு வீரியம் என்று ஒரு முழு எண்ணைக்கூடச் சொல்லாமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

சட்டம் எடையைத்தானே கேட்கிறது என்பது தங்கள் தரப்பின் முதல் விடையாக இருக்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும், 2001 அக்டோபரில் வந்த அறிவிக்கையும் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்று வகுத்திருப்பதை நான் அறிவேன். கலவையாக இருந்தால் தூய பொருளை மட்டும் பிரித்து எடை போட வேண்டும் என்று 2008இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் அதை மாற்றி, கலவை முழுவதையும் எடை போட வேண்டும் என்று சொல்லிவிட்டதும் தெரியும். அந்தத் தீர்ப்பை மாற்றச் சொல்லியோ, தண்டனையைக் குறைக்கச் சொல்லியோ நான் இந்த மடலை எழுதவில்லை. விற்றவனுக்கு எடையைக் கொண்டே தண்டனை கொடுங்கள்.

ஆனால் அதே அறிவிக்கையைச் சற்றுக் கூர்ந்து படித்துப் பாருங்கள். கஞ்சாப் பிசினான சரஸுக்கும் ஹஷீஷுக்கும் சிறு அளவு 100 கிராம், வணிக அளவு 1 கிலோ. பூவுக்கு ஆயிரம் கிராம், பிசினுக்கு நூறு கிராம் என்று ஏன் பத்துக்கு ஒன்றாக வைத்தார்கள்? பிசினில் வீரியம் அதிகம் என்பதால்தான். ஆக, சட்டமும் வீரியத்தைத்தான் எடை போடுகிறது. அளந்து பார்க்காமல், பெயரை வைத்து ஊகிக்கிறது. அந்த ஊகம் செய்யப்பட்ட காலத்தில், இலையும் தண்டும் விதையும் கலந்து அமுக்கிக் கட்டிய மூட்டைதான் கஞ்சா. இன்று சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பிடிபடுவது, கூரைக்குள் விளக்கு வைத்து, மண்ணில்லாமல் நீரில் வளர்த்த பூ. அமெரிக்காவின் அனுமதி பெற்ற கடைகளில் அத்தகைய பூக்களில் போதை தரும் வேதிப்பொருள் 20 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அது பெயரளவில் கஞ்சா. வீரியத்தில் பிசினோடு போட்டி போடக் கூடியது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்து, எங்கள் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் படகேறக் காத்திருக்கும் மூட்டையும், அந்த விமானப் பெட்டியும், என் தங்கை பேரன் தின்ற மிட்டாயும் தங்கள் பதிவேட்டில் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 130 ஆண்டுகளுக்கு முன், தட்டைக் கஞ்சா, உருட்டுக் கஞ்சா, தூள் என்று வங்காளத்தில் மூன்றாகப் பிரித்து, குச்சி குறைந்து பிசின் கூடிய வகைக்குக் கூடுதல் தீர்வை போட்டது வெள்ளைக்கார அரசு. 1893-94இல் அமர்ந்த இந்தியக் கஞ்சாக் குழு 1,193 சாட்சிகளை விசாரித்தபோதும் எந்த வகை எவ்வளவு தாக்கும் என்ற கேள்வியை விடவில்லை. வரி வாங்குவதற்காக அவர்கள் காட்டிய அக்கறையின் ஒரு பங்கை, மருத்துவத்துக்காக நாம் காட்டலாகாதா? நாட்டிலேயே முதலாவது வேதியியல் ஆய்வாளர் கூடம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கப்பட்டது என்ற பெருமையும் நமக்கு இருக்கிறது.

இனி வேதியியலுக்கு வருகிறேன். இது கடினமான பகுப்பாய்வு என்று எவரேனும் தங்களிடம் சொல்லியிருந்தால், பாதிதான் உண்மை. போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி., 1964இல் இஸ்ரேலில் கவோனி, மெக்கூலம் என்ற இருவரால் தனித்துப் பிரித்தெடுக்கப்பட்டு அமைப்பு அறியப்பட்ட பொருள். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகம் இதை அளக்கும் முறைகளைக் கையேடாகவே வெளியிட்டிருக்கிறது. இப்போது நம் ஆய்வகங்களில் நடப்பது பெரும்பாலும் நுண்ணோக்கியில் இலை ரோமங்களைப் பார்ப்பதும், நிறச் சோதனைகள் செய்வதும்தான். நிறம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அந்தச் சோதனைகள் அவற்றின் வேலையைச் சரியாகவே செய்கின்றன. ஆனால் ஊதா நிறத்தின் அடர்த்தியைக் கண்ணால் பார்த்து, ஒரு மிட்டாயில் எத்தனை மில்லிகிராம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு வாயு நிறப்பிரிகைக் கருவியோ, எச்.பி.எல்.சி. என்று நாம் சொல்லும் உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகைக் கருவியோ வேண்டும். பூச்சிமருந்து எச்சம் பார்க்கவும், மாத்திரையின் தரம் பார்க்கவும் மாநிலம் முழுவதும் அன்றாடம் ஓடும் கருவிகள் இவை.

கடினம் எங்கே என்றால், கருவிக்கு முன்னும் பின்னும். செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அதன் அமில வடிவில்தான் இருக்கிறது. சூடுபடும்போது கரியமில வாயுவை இழந்து போதை தரும் வடிவுக்கு மாறுகிறது. வாயு நிறப்பிரிகையில் மாதிரி சூடாவதால் இரண்டும் ஒன்றாகிவிடும். திரவ முறையில் இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம். அமில வடிவின் எடையை 0.877ஆல் பெருக்கி, ஏற்கெனவே உள்ள டி.எச்.சி.யோடு கூட்டினால் மொத்த டி.எச்.சி. கிடைக்கும். புகைப்பவனுக்கு அந்த மொத்தம் போதும். தின்றவனுக்கு அது போதாது. மிட்டாய் செய்தவன் இலையை நெய்யில் காய்ச்சிப் போட்டானா, பச்சையாக அரைத்துப் போட்டானா என்பதைப் பொறுத்து அதே மொத்தம் வேறுவிதமாக வேலை செய்யும். ஆகவே மிட்டாய்க்கு இரண்டு எண்களும் அறிக்கையில் வேண்டும். இந்தப் பொருள் கொழுப்பில் கரைவது என்பதால், சாக்லேட்டிலிருந்து அதை முழுமையாகப் பிரித்தெடுக்கத் தனிக் கவனமும் வேண்டும். ஒரே உறையில் இருக்கும் இரண்டு மிட்டாய்கள் ஒன்றுபோல இருக்கும் என்ற நம்பிக்கையும் கூடாது. அடுப்படியில் கிண்டியவன் எவ்வளவு நேரம் கிண்டினான் என்பது எவருக்கும் தெரியாது.

மாதிரி எடுப்பதும் அப்படித்தான். மூட்டைக் கஞ்சாவில் பூவின் நுனியில் உள்ள வீரியம் தண்டில் இல்லை, விதையில் அறவே இல்லை என்று சொல்லலாம். மூட்டையின் மேல்புறத்திலிருந்து அள்ளிய 24 கிராமும், நடுவிலிருந்து அள்ளிய 24 கிராமும் வெவ்வேறு எண்ணைத் தரும். நெல் சாக்கில் மூன்று இடத்தில் ஊசி குத்தும் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரமும் அவ்வாறே. ஈரத்தோடு அளந்த விழுக்காடும் உலர்த்தி அளந்த விழுக்காடும் ஒன்றல்ல. எதை அளந்தோம் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் எண் இருந்தும் பயனில்லை.

எல்லாவற்றையும்விட அவசரமானது காலம். அறை வெப்பத்தில் இருட்டில் வைத்தாலும், கஞ்சாவின் டி.எச்.சி. முதல் ஓராண்டிலேயே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும், நான்கு ஆண்டுகளில் 40 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்துவிடுவதாக அமெரிக்காவின் மிசிசிபி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அது அங்குள்ள அறை. ஐப்பசி மழையில் சுவரெல்லாம் பூத்துக் கிடக்கும், கைப்பற்றிய பொருள்களை வைக்கும் நம் ஊர் சொத்து அறையில் என்ன ஆகும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். பூஞ்சை ஒருபுறம், எலி ஒருபுறம். 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவை எலி தின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையான வழக்கு 2023இல் சென்னையிலேயே நடந்தது. ஏழு மாதம் கழித்து அளந்தால், பையன் தின்ற அன்று இருந்த வீரியம் கிடைக்காது. டி.எச்.சி. சிதைந்து உண்டாகும் கன்னாபினாலையும் சேர்த்து அளந்தால், சரக்கு எவ்வளவு பழையது என்று ஓரளவு கணிக்கலாம். ஆனால் கணிப்பு என்பது உரிய காலத்தில் அளப்பதற்கு மாற்றாகாது.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட, கைப்பற்றல், சேமிப்பு, மாதிரி எடுத்தல், அகற்றல் குறித்த விதிகளை இங்கே நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். மாதிரி கிடைத்த 15 நாளுக்குள் ஆய்வகம் அறிக்கை தர வேண்டும். அளவறி பகுப்பாய்வுக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டால், என்ன பொருள் என்பதை அந்த 15 நாளுக்குள்ளும், எவ்வளவு என்பதை அடுத்த 15 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அதாவது, அளக்கப்படும் என்ற எண்ணத்தோடுதான் விதியே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு வந்த பதில், விதியில் இடம் இருந்தும் வழக்கத்தில் இல்லை என்பதன் ஒப்புதல்தான்.

அளப்பதால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். போதை மீட்பு மையம் நடத்தும் மருத்துவ நண்பர் ஒருவர், தன்னிடம் வருபவர்கள் சொல்வதை அப்படியே என்னிடம் சொல்வார்: "போன மாசம் ஒரு பொட்டலம் ரெண்டு நாள் வந்துச்சு, இந்த மாசச் சரக்கு ரெண்டு இழுப்புலயே தூக்கி அடிக்குது." பொட்டலத்தின் விலையும் அளவும் மாறாமல் உள்ளே இருப்பது மட்டும் மாறும்போது, அவருக்கு அது மருத்துவமனை வாசலில்தான் தெரிய வருகிறது. மிசிசிபி பல்கலைக்கழகத்தில் கைப்பற்றிய மாதிரிகளைப் பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் அளந்து வந்ததால்தான், 1995இல் சராசரி 4 விழுக்காடாக இருந்தது 2014இல் 12ஐத் தொட்டது என்று அந்நாட்டு மருத்துவர்களால் சொல்ல முடிந்தது. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு, 10 விழுக்காடும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துவோருக்கு மனப்பிறழ்வு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டியது. எந்த நாட்டில் எந்தச் சரக்கு எவ்வளவு வீரியம் என்ற விவரம் ஐரோப்பாவில் முன்பே வெளியாகியிருந்ததால்தான், ஆய்வாளர்களால் நோயாளிகளை அவ்வாறு பிரித்துப் பார்க்க முடிந்தது. நம் நாட்டில் 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் ஓராண்டுக்குள் கஞ்சா வகைகளில் ஏதோ ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தலைகளை எண்ணிச் சொன்னது. அந்த 3.1 கோடிப் பேருக்குள் போனது என்ன வீரியம் என்பதைச் சொல்ல அதனால் முடியவில்லை.

வீரியத்தை வெளியிட்டால் அதுவே விளம்பரமாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. எந்த ஊரில், எந்தப் பெயரில் விற்ற சரக்கு அதிகம் தாக்கும் என்று அச்சிட்டுக் கொடுத்தால், தேடிப் போக ஆள் இருக்கும். ஆகவே ஊரும் உறையும் பெயரும் இல்லாமல், வகைவாரியாக, ஆறு மாதக் கணக்காக வெளியிட்டால் போதும். ஆய்வகங்களில் ஆள் பற்றாக்குறை என்ற அடுத்த தடையையும் நான் புறந்தள்ளவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தையும் அளக்கச் சொல்வது, கையில் இருக்கும் வழக்குகளைத் தேக்கி வைக்கத்தான் உதவும். அதனால் என் கோரிக்கைகளை, நடக்கக் கூடிய அளவுக்குச் சுருக்கியே வைக்கிறேன்.

தின்பண்ட வடிவில் பிடிபடும் எதையும், கஞ்சா எண்ணெயையும், விமான நிலையங்களில் சிக்கும் நீர்வளர்ப்புப் பூவையும் கட்டாயம் அளவறி பகுப்பாய்வுக்கு உட்படுத்த ஆணையிடுங்கள். வழக்கமான மூட்டைக் கஞ்சாவில், குலுக்கல் முறையில் 20 வழக்குக்கு ஒன்றை மட்டும் அளந்தால் போதும். அந்தத் தேர்வை விசாரணை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாதீர்கள். அறிக்கையில் மொத்த டி.எச்.சி., அதன் அமில வடிவு, கஞ்சாவின் மற்றொரு வேதிப்பொருளான கன்னாபிடையால், கன்னாபினால் ஆகிய நான்கும், அளவீட்டின் பிழை வரம்பும், கைப்பற்றிய நாளும், அளந்த நாளும், உலர்த்தி அளந்ததா என்பதும் இருக்க வேண்டும். தின்பண்டமாக இருந்தால், விழுக்காட்டோடு ஒரு துண்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் எழுதுங்கள்; கனடாவில் அனுமதி பெற்ற தின்பண்ட உறை ஒன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு இருப்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண் மருத்துவருக்கு எவ்வளவு உதவும் என்பது விளங்கும்.

ஒப்பீட்டுக்குத் தேவையான தூய தரப்பொருளைப் பெறுவதுதான் உண்மையான முட்டுக்கட்டை என்பது என் ஊகம்; அதை இறக்குமதி செய்யக் குவாலியரில் உள்ள மத்தியப் போதைப்பொருள் ஆணையரின் அனுமதி வேண்டும். ஒவ்வோர் ஆய்வகமும் தனித்தனியே அலையாமல், மாநிலத்துக்கு ஒரே கொள்முதலாகச் செய்து பிரித்துக் கொடுங்கள். டெல்டா மாவட்டங்களின் மாதிரிகளை அளக்கும் வசதி டெல்டாவுக்குள்ளேயே இருக்கட்டும். மாதிரிகளைக் குளிரான, உலர்ந்த, பூட்டிய பெட்டியில் வைக்க நிதி ஒதுக்குங்கள். குளிர்பதனப் பெட்டி ஒன்றின் விலை, கலைந்துபோகும் ஒரு வழக்கைவிடக் குறைவு.

ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது அவர் உட்கொண்ட பொருளின் மிச்சம் கைப்பற்றப்பட்டிருந்தால், இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், மூன்று நாளுக்குள் முதற்கட்ட எண்ணை மருத்துவருக்கு மட்டும் தெரிவிக்க ஒரு வழியைத் தங்கள் துறைகள் சேர்ந்து வகுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து நோயாளி மீது வழக்குப் பதியப்படாது என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால், மீந்த மிட்டாயைக் கொண்டுவந்து கொடுக்க என்னைப் போல எவரும் இனி முன்வர மாட்டார்கள்.

இந்த மடலுக்கு 60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். எது முடியும், எது முடியாது, முடியாதென்றால் ஏன் என்பது அதில் இருக்கட்டும். அதற்கு முன் உடனடியாகச் செய்யக் கூடிய ஒன்று இருக்கிறது. நான் ஒப்படைத்த அந்த மிட்டாய்களிலிருந்து எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பியது போக வைத்திருக்கும் இரண்டாம் மாதிரி, முத்திரை கலையாமல் இன்னும் பாதுகாப்பில் இருக்க வேண்டும். வழக்கு முடிந்து அது எரிக்கப்படுவதற்கு முன், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அதை அளந்து, கிடைக்கும் எண் எவ்வளவு பழையதாக, எவ்வளவு தேய்ந்ததாக இருந்தாலும், பையனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர்,
குடமுருட்டிக் கரை, தஞ்சாவூர் மாவட்டம்